பெயர் பெற்ற பெண்கள்



மஞ்சூரியாவின் தென்மேற்குப் பகுதியில் யிசியன் என்றொரு பழைய நகரம் உண்டு. சென்ற நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் அங்கே ஒரு திருமணம் நடைபெற்றது. மணமகனுக்கு வயது 14. மணமகள் அவனினும் ஆறு ஆண்டு மூத்தவள். அவள் பெயர் யாது என்று கேட்டால் விடை இல்லை. ஏனெனில் அவளுக்குப் பெயரே இடப்படவில்லை. அவள் பிறந்த குடும்பம் கற்றோர் குடும்பம் அன்று, அரசுப் பதவி வகித்த குடும்பமும் அன்று, பிறந்ததோ பெண். ஆகவே பெயர் எதற்கு என்று விட்டுவிட்டார்கள். இரண்டாவதாகப் பிறந்த பெண் ஆதலின் 'இரண்டாவது பெண்' என்றே வீட்டார் அழைத்தனர். எண்ணிக்கைக்கு உரிய சொல்லே அவளுக்கு ஆயுள் முழுதும் பெயராக நின்றது.

அந்தப் பெண்ணின் கொள்ளுப்பேத்தி ஒருவர் 1991ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் ஒரு நூலை வெளியிட்டார். 'காட்டு அன்னங்கள்' என்று அதன் தலைப்பை நாம் தமிழில் சொல்லலாம். ஆசிரியர் பெயர் யுங் சாங். தம் பாட்டி, தம் தாய், தாம் என்று மூன்று தலைமுறைப் பெண்களின் வாழ்க்கையை அவர் அதில் எழுதியுள்ளார். முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் பெயர்க்கப்பட்டு, ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்பனையான அந்த நூலை, அது எந்த நாட்டின் கதையோ அந்தச் சீனப் பெருநிலத்தில் அச்சிட இசைவு தரப்படவில்லை.

இந்நூலை நான் இருமுறை படித்தேன். முதல் முறை கதையாகப் படித்தேன். கையிலிருந்து கீழே வைக்க முடியவில்லை. இரண்டாம் முறை, சீன வரலாற்றின் ஆண்டு அட்டவணை ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். அப்படிப் படித்தபோது எனக்குத் தோன்றிய சிலவற்றையே இன்று உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் தலைப்பில் உள்ள அன்னத்தைப் பற்றி ஒரு சொல். 'ஹொங்' என்னும் சீனச் சொல், நெடுந்தொலைவு பறந்து செல்லும் பெரிய காட்டுப் பறவையைக் குறிப்பது. ஆசிரியரின் தாய்க்கும், அவர் வழியாக மகளுக்கும் இச்சொல் பெயரில் அமைந்தது. நம் புலவர்களும் பெண்ணுக்கு அன்னத்தை உவமை கூறியவர்களே. ஆனால் அவர்கள் கண்டது அன்னத்தின் நடை. சீனப் பெயரில் உள்ளதோ நடக்கும் அன்னம் அன்று. வானில் பறக்கும் அன்னம். இந்த வேறுபாட்டை நான் பெரிதாக்குவதற்குக் காரணம் உண்டு. இந்தக் குடும்பத்தின் கதை, நடக்கவே இயலாதவாறு செய்யப்பட்ட ஒரு குழந்தையின் பாதங்களிலிருந்து தொடங்குகிறது.

'இரண்டாவது பெண்'ணின் மகளே ஆசிரியரின் பாட்டி. 1909ஆம் ஆண்டில் பிறந்தவர். அவருக்கு யூ-ஃபாங் என்று ஓர் அழகிய பெயர் இடப்பட்டது. ஒரே தலைமுறையில் ஒரு பெண்ணுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. ஆனால் அப்பெயருக்கு உரியவளுக்கு இரண்டு வயது ஆனபோது, தாயே அவள் பாதங்களைக் கட்டினாள். பெருவிரல் நீங்கலாக மற்ற நான்கு விரல்களையும் உள்ளங்காலை நோக்கி மடித்து, நீண்ட வெள்ளைத் துணியால் இறுக்கிச் சுற்றி, மேலே ஒரு பெரிய கல்லை வைத்து, பாதத்தின் வளைவை நொறுக்கினாள். குழந்தை அலறியது. தாய் நிறுத்தவில்லை. இது ஒருநாள் வேதனை அன்று. எலும்பு முறிந்த பின்னும் கட்டை அவிழ்க்கலாகாது. அவிழ்த்தால் பாதம் மீண்டும் வளரத் தொடங்கும். மூன்று அங்குலப் பாதமே அழகின் எல்லை. அதற்குப் 'பொற்றாமரை' என்று பெயர். இவ்வளவு கொடிய செயலுக்கு இவ்வளவு இனிய பெயரைச் சூட்டியவர்களை எண்ணினால் வியப்பாக இருக்கிறது.

அந்த ஆண்டு எது என்று அட்டவணையைப் பார்த்தேன். 1911. மஞ்சூ அரச மரபை வீழ்த்திய புரட்சி வெடித்த ஆண்டு. மறு ஆண்டில், 1912இல், குழந்தைப் பேரரசர் பூ யீ அரியணை துறந்தார். ஈராயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட பேரரசு முறை முடிந்தது. பாடநூல்கள் இதனை ஒரு பெரும் மாறுதல் என்று எழுதும்; எழுதுவதும் முறையே. ஆனால் யிசியன் நகரில் ஒரு வீட்டின் உள்ளறையில் இரண்டு வயதுக் குழந்தையின் கால் எலும்புகள் அதே காலத்தில்தான் முறிக்கப்பட்டன. அரண்மனையின் காலமும் அடுக்களையின் காலமும் ஒரே கடிகாரத்தில் ஓடுவதில்லை.

இவ்வழக்கத்தை ஒழிக்க அரசர்கள் முயலவில்லையோ என்று நீங்கள் கேட்கலாம். முயன்றார்கள். மஞ்சூ இனப் பெண்கள் பாதம் கட்டுவதில்லை. காங்சிப் பேரரசர் காலத்தில் 1664இல் சீனர்களுக்கும் இதனைத் தடை செய்து ஆணை பிறந்தது. நான்கே ஆண்டுகளில் அந்த ஆணை கைவிடப்பட்டது. சட்டத்தை மக்கள் பொருட்படுத்தவில்லை. ஏன்? பெற்றோர் அனைவரும் கொடியவர் என்பதனால் அன்று. பாதம் கட்டாத பெண்ணை எவரும் மணக்க முன்வரார் என்ற அச்சம்தான். மகள் மேல் இரக்கம் கொண்டு கட்டை அவிழ்த்த தாய், பின்னாளில் அந்த மகளாலேயே பழிக்கப்பட்டாள். தனியொரு குடும்பம் நல்லது செய்ய நினைத்தால் அக்குடும்பத்துப் பெண்ணுக்கே தீங்கு நேரும் என்ற நிலை. இத்தகைய வழக்கத்தை அரசாணையால் மட்டும் எப்படி அகற்ற முடியும்?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சிலர் வேறு வழியைக் கண்டார்கள். 1895இல் ஷாங்காயில் இயற்கைப் பாதச் சங்கம் தோன்றியது. இத்தகைய சங்கங்களில் சேர்ந்தோர் இரண்டு உறுதிமொழிகள் எடுத்தனர்: தம் மகளுக்குப் பாதம் கட்டுவதில்லை என்பது ஒன்று; பாதம் கட்டிய பெண்ணைத் தம் மகனுக்குக் கொள்வதில்லை என்பது மற்றொன்று. இரண்டாவதில்தான் நுட்பம் இருக்கிறது. கட்டாத பாதத்திற்கும் கணவன் கிடைப்பான் என்ற உறுதி வந்துவிட்டால் அச்சம் அகலும் அன்றோ? காங் யூவெய் என்னும் சீர்திருத்த அறிஞர் 1898இல் பேரரசருக்கு இதுபற்றி விண்ணப்பம் எழுதினார். 1902இல் பேரரசித் தாய் சீசீயும் இவ்வழக்கத்தைக் கைவிடுமாறு ஆணையிட்டார். 1912இல் குடியரசும் தடை விதித்தது. யூ-ஃபாங்கின் தங்கை 1917இல் பிறந்தாள். அப்போது அவ்வூரில் இவ்வழக்கம் பெரும்பாலும் மறைந்துவிட்டது, அவள் தப்பினாள். ஒரு வயிற்றில் பிறந்த சகோதரிகள் இருவர். இடைவெளி எட்டே ஆண்டுகள். அக்காள் வாழ்நாள் முழுதும் நோவுடன் நடந்தாள். தங்கை இயல்பாக நடந்தாள். ஆயிரம் ஆண்டு வழக்கம் ஒன்று இவ்விருவருக்கும் இடையே ஓய்ந்தது. இந்தச் செய்தியை நான் எந்தப் பாடநூலிலும் இவ்வளவு தெளிவாகக் கண்டதில்லை.

பாதங்கள் சிறுத்த பெண்ணுக்கு 'நல்ல இடம்' கிடைத்தது. 1924இல், தம் 15ஆம் வயதில், யூ-ஃபாங் ஒரு படைத் தலைவருக்குக் காமக்கிழத்தியாக அளிக்கப்பட்டார். அவர் பீக்கிங் அரசின் காவல் துறையில் உயர்ந்த பதவி வகித்தவர். பெண்ணின் தந்தை ஒரு சிறு காவல் அலுவலர். பெண்ணைக் கொடுத்துத் தம் நிலையை உயர்த்திக்கொண்டார். ஒரு வாரம் அளவே தங்கிவிட்டுப் படைத் தலைவர் புறப்பட்டுப் போனார். திரும்பி வர ஆறு ஆண்டுகள் ஆயின. அந்த ஆறு ஆண்டும் வீடு இருந்தது, வேலையாட்கள் இருந்தனர், பணமும் வந்தது. வெளியே செல்லும் உரிமை மட்டும் இல்லை. பணியாட்களே ஒற்றர்கள். 1931இல் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பின்னர்ப் படைத் தலைவர் தம் மாளிகைக்கு அவர்களை வருவித்தார். அங்கே குழந்தைக்குத் தாய் என்னும் உரிமை மூத்த மனைவிக்கே உரியது. பெற்றவள் பணிப்பெண்ணின் நிலைக்குச் சற்றே மேல். இதனை உணர்ந்த அந்த இளந்தாய், குழந்தையை எடுத்துக்கொண்டு அம்மாளிகையிலிருந்து தப்பினாள். கட்டப்பட்ட பாதங்களோடுதான் தப்பினாள். நூலில் நான் மிகவும் மதிக்கும் இடம் இது.

படைத் தலைவர் இறக்குந்தறுவாயில் அவளை விடுவித்தார். பின்னர் மஞ்சூ இனத்தைச் சேர்ந்த முதிய மருத்துவர் ஒருவர் அவளை முறையான மனைவியாக மணக்க விரும்பினார். காமக்கிழத்தியாக வைத்துக்கொண்டால் எவரும் மறுத்திரார். 'மனைவி' என்ற ஒரு சொல்தான் அவர் குடும்பத்தைக் கலக்கியது. மனைவி எனில் வளர்ந்த பிள்ளைகளும் அவளைத் தாயாக வணங்க வேண்டும். மூத்த மகன் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்தான். மருத்துவர் தம் சொத்தை எல்லாம் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு, மனைவியுடன் ஜின்சௌ நகரம் சென்று, மிக எளிய நிலையில் புதிதாக வாழ்க்கையைத் தொடங்கினார். குழந்தைக்கும் புதுப் பெயரிட்டார். முன்னைய பெயர் படைத் தலைவர் இட்டது. அரிய இசைக்கருவி என்று பொருள்படுவது. மருத்துவர் இட்ட பெயர் தெ-ஹொங். அறம் என்பதும் அன்னம் என்பதும் அதில் இணைந்துள்ளன. வீட்டை அணிசெய்யும் பொருளாக இருந்தவள் பறவையானாள்.

அந்தப் பறவை வளர்ந்த காலம் கொடியது. 1931இல் சப்பான் மஞ்சூரியாவைக் கைப்பற்றியது. 1932இல் 'மஞ்சூகுவோ' என்னும் பொம்மை அரசை நிறுவி, முன்பு அரியணை துறந்த அதே பூ யீயை அதன் தலைவராக அமர்த்தியது. பள்ளிப் பிள்ளைகள் சப்பானிய மொழியில் பாடம் கற்றனர். அரிசி சப்பானியருக்கு ஒதுக்கப்பட்டது. சீன மக்கள் சோளத்தையும் கருவாலிக்கொட்டை மாவையும் உண்டு உயிர் வாழ்ந்தனர். 1945இல் சப்பான் தோற்றது. உருசியப் படைகள் வந்தன. அவர்களுக்குப் பின் கோமிண்டாங் ஆட்சி வந்தது. விலைவாசி ஏறியது; ஊழல் பெருகியது. தெ-ஹொங் மாணவியாக இருந்தபோதே பொதுவுடைமைக் கட்சியின் மறைமுக இயக்கத்தில் சேர்ந்தார். தம் தாய் பட்டதைப் பார்த்தே அவர் இம்முடிவுக்கு வந்தார். காமக்கிழத்தி முறையை ஒழிப்போம் என்று சொன்ன கட்சி அவருக்கு வேறு எந்தக் கொள்கை விளக்கமும் தரவேண்டியிருக்கவில்லை. 1948 அக்டோபரில் ஜின்சௌ நகரம் பொதுவுடைமைப் படையிடம் வீழ்ந்தது.

அக்கட்சி தன் சொல்லைக் காப்பாற்றியதா? ஒரு வகையில் காப்பாற்றியது. 1950 மே முதல் நாள் வெளியான திருமணச் சட்டம், காமக்கிழத்தி முறையையும் குழந்தை மண ஒப்பந்தத்தையும் தடை செய்தது. கைம்பெண் மறுமணத்திற்குக் குறுக்கே நிற்பதையும், மணத்தின் பேரால் பொருள் பறிப்பதையும் தடுத்தது. மணவிலக்குக் கோரும் உரிமையைப் பெண்ணுக்கும் அளித்தது. யூ-ஃபாங்கின் வாழ்வைக் கெடுத்த ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு விதி உண்டு.

ஆனால் சட்டம் வருமுன்னரே, 1949இல், வேறொரு நிகழ்ச்சி நடந்துவிட்டது. தெ-ஹொங் கட்சி அலுவலர் ஒருவரை மணந்திருந்தார். மணம் செய்யக் கட்சியின் இசைவு பெறவேண்டியிருந்தது. இருவரும் வடகிழக்கிலிருந்து தென்மேற்கே சிச்சுவான் மாநிலம் நோக்கிப் பயணமாயினர். கணவரின் பதவிக்கு ஊர்தி உண்டு. மனைவியின் பதவிக்கு இல்லை. தம் ஊர்தியில் மனைவியை ஏற்றினால் அது சலுகை ஆகும் என்று கணவர் ஏற்றவில்லை. அவர் ஊர்தியில் சென்றார்; அவள் மூட்டை சுமந்து நடந்தாள். அவள் கருவுற்றிருந்ததை அவர் அறியார். கரு சிதைந்தது. மணவிலக்கு வேண்டும் என்று அந்தப் 18 வயதுப் பெண் கேட்டாள். அவர் மன்னிப்பு வேண்டினார்.

இந்த இடத்தைப் படித்துவிட்டுக் கணவரைக் கொடியவர் என்று சொல்லிவிடுவது எளிது. நான் அவ்வாறு சொல்ல மாட்டேன். உற்றாருக்கும் உறவினருக்கும் பதவியைப் பங்கிட்டுக் கொடுத்தே அழிந்த ஆட்சியைக் கண்டு வெறுத்தவர் அவர். தம் வீட்டாருக்கு எள்ளளவும் சலுகை காட்டுவதில்லை என்ற உறுதி அவருக்கு அறமாகவே தோன்றியது. அந்த அறத்தின் சுமை எவர் தலையில் இறங்கியது என்பதை மட்டும் அவர் பார்க்கவில்லை. தாயின் பாதத்தைத் துணி கட்டியது. மகளின் வயிற்றில் இருந்த உயிரைக் கொள்கை கொண்டுபோயிற்று.

1955இல் பழைய தொடர்புகளைப் பற்றி விசாரிப்பதற்காகத் தெ-ஹொங் ஆறு மாதம் காவலில் வைக்கப்பட்டார். 1966இல் பண்பாட்டுப் புரட்சி தொடங்கியது. அதனை எதிர்த்து மாவோவுக்கே கடிதம் எழுதிய கணவர் சிறைப்பட்டார், அடிபட்டார், மனநிலை குலைந்தார். கணவரைக் கைவிட்டு அவருக்கு எதிராகப் பேசினால் மனைவி தப்பலாம். தெ-ஹொங் மறுத்தார். கூட்டங்களில் அவரை நிறுத்தி வைத்து இழிவுசெய்தனர்; ஒருமுறை உடைந்த கண்ணாடித் துண்டுகளின்மேல் முழந்தாளிடச் செய்தனர். வீடு திரும்பியபின், அவர் முழங்காலில் தைத்திருந்த கண்ணாடிச் சில்லுகளை ஊசி கொண்டு ஒவ்வொன்றாக எடுத்தவர் யார் தெரியுமா? யூ-ஃபாங். அந்தப் பழைய சீனம் தன் பாதங்களில் செய்ததைச் சுமந்துகொண்டே, புதிய சீனம் தன் மகளின் முழங்காலில் செய்ததை அவர் துடைத்தார். 1969இல் அவர் இறந்தார். 1975இல் மருமகனும் இறந்தார்.

இந்நூலைப் படித்தோர் சிலர், 'ஒரு கொடுமை போய் இன்னொரு கொடுமை வந்தது. வேறு மாற்றம் இல்லை' என்கிறார்கள். வேறு சிலரோ, 'புரட்சியே பெண்ணை விடுவித்தது' என்கிறார்கள். இரு சாராரும் விரைந்து முடிவு கட்டுகிறார்கள் என்பது என் எண்ணம். யூ-ஃபாங்கை எவரும் எதையும் கேட்கவில்லை. கேளாமலே கொடுத்தார்கள், கேளாமலே பூட்டினார்கள். அவருக்கு இருந்த ஒரே வழி தப்பி ஓடுவது. தெ-ஹொங்கிடம் 'கணவனைக் கைவிடுகிறாயா?' என்று கேட்டார்கள். அவர் 'இல்லை' என்றார். மணவிலக்கைக் கேட்டவரும் அவரே, மறுத்தவரும் அவரே. அந்த மறுப்புக்கு அவர் கொடுத்த விலை மிகப் பெரிது. எனினும் மறுக்கும் இடம் ஒன்று அவருக்கு இருந்தது. அவர் தாய்க்கு அது இல்லை.

மூன்றாம் தலைமுறை ஆசிரியரே. 1952இல் சிச்சுவானில் பிறந்தார். எர்-ஹொங், இரண்டாவது அன்னம், என்று பெயர். கொள்ளுப்பாட்டியின் 'இரண்டாவது' இங்கே திரும்பி வந்ததைக் கவனியுங்கள். ஆனால் இம்முறை பின்னால் ஓர் அன்னமும் இருக்கிறது. அப்பெயரின் ஒலி 'வெளிறிய சிவப்பு' என்ற பொருளையும் தரும். சிவப்பே புனித நிறமான காலத்தில் பள்ளிப் பெண்ணுக்கு அது பெருந்துன்பம். தந்தையிடம் வேறு பெயர் கேட்டாள். படை சார்ந்த ஒலி அதில் வேண்டும் என்றாள். 'யுங்' என்னும் பழஞ்சொல்லைத் தந்தை அளித்தார். இந்தக் குடும்பத்தில் தன் பெயரைத் தானே கேட்டுப் பெற்ற முதற்பெண் இவர்தான். கேட்டதோ போர்க்குணம் உள்ள பெயர் என்பதில் அந்தக் காலத்தின் முத்திரையும் இருக்கிறது. 14 வயதில் செங்காவலரோடு சேர்ந்ததையும் அவர் மறைக்கவில்லை. பின்னர் நாட்டுப்புறத்தில் உழைத்து, மின்பணியாளராக வேலை பார்த்து, 1973இல் சிச்சுவான் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்கச் சேர்ந்தார். 1978இல் பிரிட்டன் சென்று, 1982இல் யார்க் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்.

இப்போது ஓர் எச்சரிக்கை. வரலாறு பயிலும் மாணவர்கள் இத்தகைய நூலைச் சான்றாகக் கொள்ளும்போது சிலவற்றை நினைவில் வைக்க வேண்டும். யூ-ஃபாங்கின் கதையை நமக்குச் சொல்வது யூ-ஃபாங் அல்லர். மகள் நினைவிலிருந்து பேத்தியின் எழுத்துக்கு வந்தது அது. எழுதியவருக்கு மாவோ மீது ஆறாத சினம் உண்டு. அவர் தம் கணவருடன் எழுதி 2005இல் வெளியிட்ட மாவோ வரலாற்றை ஆய்வாளர் பலர் ஒருதலைச் சார்பானது என்று மறுத்துள்ளனர். மேலும் இது உயர் அலுவலரின் குடும்பம். 1958இல் தொடங்கிய 'பெரும் பாய்ச்சல்' திட்டத்தைத் தொடர்ந்து வந்த பஞ்சத்தில் கோடிக்கணக்கான மக்கள் மாண்டனர். மிகுதியாக மாண்ட மாநிலங்களுள் சிச்சுவானும் ஒன்று. அந்நாளில் செங்டு நகரில் மதில் சூழ்ந்த குடியிருப்பில் வளர்ந்த குழந்தை, வெளியே நேர்ந்ததைச் சிறிதே அறிந்தது. சிற்றூரில் பட்டினி கிடந்த தாய் ஒருத்தி எழுதியிருந்தால் இக்கதையின் நடுப்பகுதி வேறாக இருந்திருக்கும்.

எழுதத் தெரியாத ஏழைப் பெண்ணின் குரலும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. 1867இல் ஷாண்டோங் மாநிலத்தில் பிறந்த நிங் என்னும் மூதாட்டி, பணிப்பெண்ணாகவும் பிச்சையெடுத்தும் பிழைத்தவர். அபினிக்கு அடிமையான கணவன் பெற்ற மகளையே விற்றான். அவர் தம் கதையை 1930களில் பீக்கிங்கில், சீனத்திலேயே பிறந்து வளர்ந்த ஐடா புரூயிட் என்னும் அமெரிக்கப் பெண்மணிக்கு வாய்மொழியாகச் சொன்னார். அது 1945இல் நூலாயிற்று. 'காட்டு அன்னங்க'ளைப் படிப்பவர்கள் அதனையும் தேடிப் படிக்க வேண்டும். இரண்டையும் அருகருகே வைத்தால்தான், பொற்றாமரைப் பாதத்தோடு பட்டாடையில் அடைபட்டவளும், அதே பாதத்தோடு தெருவில் இரந்தவளும் ஒரே நாட்டினர் என்பது புலப்படும்.

நிறைவாக, இந்நூல் பிறந்த விதம். பத்தாண்டு பிரிட்டனில் இருந்தும் யுங் சாங் தம் கடந்த காலத்தைத் திரும்பிப் பார்க்க விரும்பவில்லை. 1988இல் தாய் இலண்டனுக்கு வந்தார். வாழ்க்கையில் முதன்முறையாக, அரசியல் அச்சமின்றி மகளிடம் பேசத் தொடங்கினார். கட்சிக் கூட்டங்களிலும் விசாரணை அறைகளிலும் எத்தனையோ முறை தம் வாழ்க்கை வரலாற்றை ஒப்புவிக்க நேர்ந்தவர் அவர். கேட்டவர்கள் அனைவரும் குற்றம் தேடியே கேட்டவர்கள். இப்போது கேட்டவர் மகள். மாதக்கணக்கில் பேசினார். அவர் நாடு திரும்பியபோது 60 மணி நேரப் பேச்சு ஒலிநாடாவில் பதிவாகியிருந்தது. ஒலிநாடாவோடு நாள்தோறும் பழகும் வானொலி நிலையத்திலிருந்து பேசுகின்ற எனக்கு அந்த 60 மணி நேரத்தின் அளவு நன்கு விளங்குகிறது. அத்தனை நாடாவிலும், படைத் தலைவரின் பெயர் இருக்கிறது. மருத்துவரின் பெயர் இருக்கிறது. சுட்டுக்கொண்டு இறந்த மகனும் இருக்கிறான். யிசியன் நகரில் 14 வயதுச் சிறுவனை மணந்த அந்தப் பெண்ணை மட்டும், பேத்தியும் கொள்ளுப்பேத்தியும் 'இரண்டாவது பெண்' என்றுதான் குறிப்பிட வேண்டியிருந்தது.